காணாமல் போன டிஸ்க்

செவ்வாய், இரவு.

கம்ப்யூட்டர் பார்க்க வந்த செல்வத்தை இன்று திருடன் என்று சொல்லிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றும்போது டிஸ்க்கே இல்லை என்று திரை காட்டியது. என் தையல் கடையின் எம்பிராய்டரி டிசைன் அத்தனையும் அந்த ஒரே டிஸ்கில்தான்.

“இன்னா செல்வம், டிஸ்க்க உருவி பாக்கெட்ல போட்டுகினியா?”

“உள்ளதான் கீதுக்கா. டிஸ்க்க அடையாளம் காட்ற சாஃப்ட்வேர் ஒண்ணு கீது, கன்ட்ரோலர் டிரைவர்னு. அத்த போட்டாதான் தெரியும்.”

“போடு. இல்லாங்காட்டி உன் பொண்டாட்டி ஜாக்கெட்டுக்குக் கை வைக்க மாட்டேன்.”

பென்டிரைவிலிருந்து டிரைவரை ஏற்றினான். டிஸ்க் தெரிந்தது. டிசைன் எல்லாம் அப்படியே இருந்தது. போன உயிர் வந்தது.

அவன் கிளம்பியதும் உப்பும் மிளகாயும் எடுத்துக் கம்ப்யூட்டருக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி வரவில்லை. பிளாஸ்டிக் நெடி வந்தது. செல்வம் மேசையில் மறந்துவிட்டுப் போன பென்டிரைவும் மிளகாயோடு சேர்ந்து அதே கையில்தான் இருந்திருக்கிறது.