ஜெபமலர் பேட்டியின் இரண்டாம் பக்கம்

உம்முடைய டேப் ரெக்கார்டருக்கு இன்று காலை நாலு பேட்டரிக் கட்டை வாங்கிப் போட்டேன். "இதுக்கெல்லாம் இன்னும் உயிர் இருக்கா சார்?" என்று கடைக்காரர் சிரித்தார். மூடியைப் பிடித்திருந்த ரப்பர் பேண்ட் இற்றுப் போயிருந்தது, அதையும் மாற்றினேன். சிவப்புப் பொத்தானில் உம்முடைய கட்டைவிரல் பட்டுப் பட்டு நிறம் போன இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீர் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது, அண்ணாச்சி. இதுவரை எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால், கோபத்தில்தான். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

உம்முடைய அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்து வருகிற காசில் பதினாறு பக்கத்துக்கு ஒரு மாதப் பத்திரிகை நடத்தினீர். அதில் ஆறு பக்கம் பேட்டி. அமைச்சரும் இல்லை, நடிகரும் இல்லை. "உலக நடப்பைக் கேக்க டெல்லிக்குப் போகணுமாக்கும்? செங்கோட்டை பஸ்ஸுல ஏறி உக்காரும் வே" என்பீர். பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியாரான என்னையும் இழுத்துக்கொண்டு போவீர். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரரிடம் சண்டை நடக்கிற நாடுகளைப் பற்றிக் கேட்டீர். "எங்கேயோ குண்டு விழுது, இங்கன டீசல் ஏறுது, என் பழம் லாரியிலே அழுகுது. இதுக்கு மேல எனக்கு என்ன அரசியல் வேணும் அண்ணாச்சி?" என்றார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் கட்சிகளைப் பற்றிக் கேட்டபோது, "எண்ணெய் வச்சா எல்லாத் தலையும் வழுக்கும்" என்று சொல்லிவிட்டு உம் தலையைப் பார்த்தாரே, அந்தச் சிரிப்பும் கேசட்டில் இருக்கிறது.

பேசி முடித்ததும் கிளம்பிவிட மாட்டீர். கேசட்டை முதலிலிருந்து ஓட்டி, பேசியவரையே உட்கார்ந்து கேட்கச் சொல்வீர். வேண்டாம் என்று அவர் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழிப்பீர். நல்ல பதிலெல்லாம் போகிறதே என்று நான் முகம் சுளித்தால், "அவுக பேச்சுய்யா அது. பாதியை வெட்டி நான் போட்டா அது என் பேச்சாயிரும்" என்பீர். வீட்டில் உட்கார்ந்து கேசட்டைக் கேட்டு எழுதித் தருவது என் வேலை. ஓர் இருமலை விட்டுவிட்டால்கூட, "எங்க வே அந்த இருமல்?" என்று கேட்பீர்.

ஜெபமலரை நினைவிருக்கும். வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்த்து, அங்கே சண்டை வந்து, உடுத்திய துணியோடு மேலகரத்துக்குத் திரும்பி வந்தவள். அவள் வீட்டுத் தகரக் கூரையில் சாரல் தடதடத்துக்கொண்டே இருந்தது. கேசட்டின் முதல் பக்கம் முழுக்க, வேலைக்குக் கூட்டிப்போன அந்த நாட்டு ஆள் அவளுடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு படுத்திய பாடு. அந்தப் பக்கம் முடிந்து பொத்தான் 'டக்'கென்று எழும்பியபோது அவள் சொன்னாள்: "அண்ணாச்சி, இதை மட்டும் போட்டுராதீங்க. அடுத்ததையும் சேத்துப் போட்டாத்தான் இது."

அடுத்தது, ஜெபமலர் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தியின் கதை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவள், அந்த நாட்டுக்காரி. குண்டு விழத் தொடங்கியதும் ஜெபமலரைத் தன் வீட்டு நிலவறைக்குக் கூட்டிப்போய், தன் இரண்டு பிள்ளைகளின் ரொட்டியில் பங்கு கொடுத்து, கடைசியில் எல்லை வரை வந்து வண்டி ஏற்றிவிட்டாள். நீர் ஜெபமலரின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னீர்: "சேந்தே வரும் தாயி. இல்லன்னா ரெண்டும் வராது." கேசட் உறையில் உம் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது: இரண்டு பக்கமும் சேர்த்து.

அந்தக் கேசட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என்னிடம் படித்த ஒருவன் யூடியூப் சேனல் நடத்துகிறான். பெயரைச் சொன்னால் உமக்கும் தெரியும், வேண்டாம். "அண்ணாச்சியோட பேட்டி எல்லாத்தையும் அப்படியே ஏத்திருவோம் சார், அழியாம இருக்கும்" என்றான். உம் குரல் அழியாமல் இருக்கும் என்ற ஆசையில் கேசட்டுகளைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். உறையில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டவில்லை. ஜெபமலரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. உம்மோடு அத்தனை வருஷம் நடந்தவன் செய்கிற காரியமா இது?

போன மாசம் அந்த நாட்டில் மறுபடியும் சண்டை. மூன்று நிமிஷத் துண்டு ஒன்று வந்தது. ஜெபமலரின் அழுகை, பாஸ்போர்ட், பூட்டிய கதவு. அதற்கு மேலே அந்த நாட்டு ஜனங்களையே மிருகங்கள் என்று சொல்லும் தலைப்பு, சிவப்பு எழுத்தில். கீழே, குண்டு போடுகிறவனை வாழ்த்தி நம் ஊர்க்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஜெபமலர் வீட்டுக்கு ஓடினேன். அவள் என்னைத் திட்டவில்லை. போனை நீட்டினாள். யாரோ அந்தத் துண்டை மொழிபெயர்த்து அந்த அக்காவுக்கே அனுப்பியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக மாசம் தவறாமல் பேசியவள், ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். "எங்களைப் பத்தி உங்க ஊர்ல இதத்தான் சொன்னியான்னு கேக்கா சார்" என்றாள் ஜெபமலர். "அதுக்குப் பெறவு போன் எடுக்க மாட்டேங்கா. அங்க குண்டு விழுது. இருக்காளா இல்லையான்னுகூடத் தெரியல."

சேனல்காரனிடம் போகும்போது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே தெரிந்திருக்காது. ஒரு பக்கத்தோடு முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். தெரியாமல் செய்தவனுக்குப் பாடம் நடத்துவதுதானே என் தொழில்? கேசட்டை எடுத்து, இப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டினேன்.

"தெரியும் சார். ரெண்டு பக்கமும் கேட்டோம்" என்றான்.

"கேட்டுட்டுமா?"

"ரெண்டாவது பக்கம் கொஞ்சம் ஸ்லோ சார். நல்லது நடந்தத எவன் சார் பாக்கான்? நாங்க ஒரு வார்த்தை சேக்கலையே. அவங்க சொன்னதத்தான போட்டோம்?"

"ஏலே, உன் பரீட்சைப் பேப்பர்ல முதப் பக்கத்தை மட்டும் திருத்தி மிச்சத்தைக் கிழிச்சுப் போட்டிருந்தா, நீ பத்தாங்கிளாஸ் தாண்டியிருப்பியா? நானும் ஒரு வார்த்தை சேத்திருக்க மாட்டேனே!"

சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னை எரித்தது. "வேணும்னா அடுத்த வாரம் பார்ட் டூ போடுதோம் சார்" என்றான். குண்டுக்கு அடியில் இருக்கிற ஒருத்தி அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டுமாம். பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு இறங்கினேன். துண்டை எடுக்க மாட்டான், நன்றாக ஓடுகிறதாம்.

இன்று காலை பேட்டரிக் கட்டை வாங்கியது, இரண்டாம் பக்கத்தை அந்த அக்காவையே கேட்கவைக்கத்தான். ஜெபமலர் என் பக்கத்தில் உட்கார்ந்து அவளை அழைத்துக்கொண்டே இருந்தாள். ஏழாவதோ எட்டாவதோ முறை, அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஜெபமலர் எனக்குக் கை காட்டினாள். போனை ரெக்கார்டரின் பக்கத்தில் வைத்து இரண்டாம் பக்கத்தை ஓடவிட்டேன்.

தமிழ் அந்த அக்காவுக்கு என்ன புரியும்? ஆனால் அவளுடைய இரண்டு பிள்ளைகளின் பெயரும் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு பெயரையும் நீர், "சரியாச் சொல்லுதேனா?" என்று கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகுகிறீர். பிறகு, அதே கேசட்டில், எல்லையில் அந்த அக்கா கடைசியாகச் சொன்னதை ஜெபமலர் அவர்கள் மொழியிலேயே சொன்னாள். தமிழிலும் சொன்னாள்: "உனக்கு இங்கயும் ஒரு வீடு இருக்குன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு." அதன் பிறகு நீர் எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் சாரல் சத்தம் மட்டும். அதை வெட்டிவிடலாமே என்று அன்றைக்கு நான் சொன்னேன். நீர் முறைத்தீர்.

கேசட் முடிந்தது. போனில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு மெதுவாக ஏதோ கேட்டாள். ஜெபமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "கடைசியில அந்தத் தடதடன்னு கேட்ட சத்தம் என்னதுன்னு கேக்கா சார். மழைன்னு சொல்லட்டா?"

"சொல்லும்மா. எங்க ஊர் மழைன்னு சொல்லு."

அந்தத் துண்டு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே ரெக்கார்டரை இனிமேல் பையிலேயே வைத்துக்கொள்வதாக இருக்கிறேன். சாயங்காலம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் போனில் அதைப் பார்த்து, பக்கத்திலிருந்தவருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். போய் நடுவில் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பஸ் வருகிறது என்று எழுந்தார்.

"உக்காரும் வே. இன்னும் முடியல" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். உட்கார்ந்தார்.