நாற்பத்தொன்றாம் எண்

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் வேலை அதிகம் என்றுதான் பதில் வரும், அதனால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாமாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் காய்கறி வாங்கி வரச் சொன்னால் மட்டும் நொண்டுகிறார். மாடி வீட்டுக்காரர்கள் போன மாதம் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். மேலே நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கு எத்தனை நாள் திட்டியிருப்பேன், இப்போது அந்தச் சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொல்லத் தைரியம் இல்லை, உன் குரல் மாறினால் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். போன வருஷம் பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது சுவரில் ஒரு அறிவிப்பு பார்த்தேன். மனச்சோர்வு நோய் உள்ளவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, அந்த நோய் இல்லாத, அறுபது தாண்டியவர்கள் தேவை என்று போட்டு, கீழே உன் ஆராய்ச்சி நிலையத்தின் பெயர். உன்னிடம் சொல்லாமல் சேர்ந்துவிட்டேன். ஆராய்ச்சி செய்கிற உங்களுக்குப் பெயர் வராது, எண் மட்டும்தான் வரும் என்றார்கள். மூளையைப் படம் எடுக்கும் குழாய்க்குள் அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் கிடந்தேன். படத்தைப் பார்க்கப் போவது நீதான் என்று அன்றைக்குத் தலையைப் படிய வாரிப் பின்னிக்கொண்டு போனேன், நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, மனசு எப்படி இருக்கிறது என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைச் செல்போனில் அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் மூன்றுக்குக் கீழே போனால் நர்ஸ் கூப்பிடுவார். முதல் தடவை காய்ச்சலில் கிடந்து நிஜமாகவே இரண்டு போட்டேன். அந்தப் பெண் கூப்பிட்டு, தூங்கினீங்களாம்மா, சாப்பிட்டீங்களாம்மா, கூட யாராவது இருக்காங்களா என்று இருபது நிமிஷம் விசாரித்தாள், ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்து விசாரித்தாள். உன் அப்பா காலமான பிறகு என்னை யாரும் அத்தனை கேள்வி கேட்டதில்லை. அடுத்த மாதம் நன்றாக இருந்தபோதே மூன்று நாள் இரண்டு போட்டேன். அதற்குப் பிறகு மாதா மாதம் அப்படித்தான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷம் உதவியாளராக இருந்து, தெர்மாமீட்டரைப் பார்க்காமலே அளவு எழுதும் பிள்ளைகளின் நோட்டைப் பிடுங்கி வைத்தவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய், நாப்பத்தொண்ணாம் நம்பர்னு ஒருத்தங்க இருக்காங்கம்மா, மூளைப் படத்துல ஒரு குறையும் இல்ல, ஆனா மாசம் தவறாம மூணு நாள் மனசு கீழ போயிட்டுத் தானா மேல வந்துடுது என்று. அடுத்த மாதம் மாநாட்டில் அதைப் பற்றித்தான் பேசப் போவதாகவும் சொன்னாய். நான் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். அது நான்தான் சின்னு. தானாக மேலே வரவில்லை, போன் வந்தது. நாலு பேர் முன்னால் நின்று நீ தலைகுனியக் கூடாது, அந்தப் பேச்சிலிருந்து என்னை எடுத்துவிடு. கோபம் வந்தால் திட்டு, ஆனால் கூப்பிட்டுத் திட்டு.

போன மாதக் கணக்கு இன்னும் உன் கைக்கு வந்திருக்காது, வந்ததும் அதை மட்டும் எடுத்து வைத்துப் பார். அலுவலகத்துக்கு வெள்ளையடிக்கிறாங்க, பத்து நாள் எங்க போன் வராதும்மா என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். போனே வராது, இனி எதற்குப் பொய், எட்டு போடலாம் என்று ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். இரண்டுதான் போட்டேன். மறுநாளும் இரண்டு. பத்து நாளும் இரண்டு. அது மனசைப் பார்த்து எழுதிய அளவு.

நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இரு. தலைவலிக்கிறது என்றாயே, கண்ணாடியை மாற்று. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.

நாற்பத்தொன்று என்று நீ சொல்லும்
உன் அம்மா