பெண்கள் நேரத்துப் பனி

டிசம்பர் 10, புதன். 1958

மழை விட்டுவிட்டது போல. சிறுமலை முழுசாகத் தெரிகிறது. தாடிக்கொம்பு ரோடு முழுக்கச் சேறு. அத்தாவோடு காரில் கோல்ப் மைதானம். கிளப் செயலாளர் அவர். குளிர்கால ஏற்பாடுகளைப் பார்வையிட வேண்டுமாம். மகள் நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஏற்பாடுகள்:

– குழிகளைச் சுற்றியுள்ள எண்ணெய் மணல் வட்டங்கள் (இந்த ஊரில் அங்கே புல் நிற்காது) மழையில் பாதி கரைந்துவிட்டன. பொங்கல் வரை அவற்றுக்கு ஓய்வு. பக்கத்துப் புல்லில் தற்காலிகக் குழிகள்.

– முதல் அடி அடிக்கும் மேட்டில் தேங்காய் நார்ப் பாய். களிமண் பெயராமல் இருக்க.

– ஓடைக்கு அந்தப் பக்கம் ஆட்டம் கிடையாது. ஓடையே இப்போது அந்தப் பக்கத்தில்தான் ஓடுகிறது.

– சேற்றில் புதைந்த பந்தை எடுத்துத் துடைத்து, அங்கேயே வைத்து அடிக்கலாம். மற்ற மாதங்களில் இது குற்றம். எதில் துடைப்பது என்று சட்டத்தில் இல்லை. முந்தானையில் துடைக்க உத்தேசம்.

– ஆடு மேய்க்கத் தடை. ஆடுகள் இன்னும் படிக்கவில்லை.

எல்லாம் சரி. திரும்பும்போது அறிவிப்புப் பலகை. அத்தாவின் அழகான கையெழுத்து. மேற்கே உயரத்தில் இருக்கும் வெள்ளைக்காரர் காலத்து மலை கிளப்பிலிருந்து ஆங்கிலத்தில் வாங்கிவந்த குளிர்கால விதிகளை அவரே தமிழாக்கியிருக்கிறார். கடைசி விதி: ‘பனி விலகும் வரை புல்தரையில் கால் வைக்கலாகாது. விலகிய பின்னரே ஆட்டம்.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே மலையில் ஹாஸ்டலில் இருந்து படித்தவள் நான். அங்கே ஜனவரி விடியலில் புல் வெள்ளையாக உறைந்து கண்ணாடி மாதிரி நிற்கும். மிதித்தால் ஒடியும், காலடி கருகிப்போய் வாரக்கணக்கில் மாறாது. அந்த உறைபனிக்கு எழுதிய விதி இது. அத்தா வெறுமனே ‘பனி’ என்று போட்டுவிட்டார். திண்டுக்கல்லில் பனி விழுந்தால் பாதம் நனையும். அவ்வளவுதான்.

காரில் சொன்னேன். அத்தா ரோட்டையே பார்த்துக்கொண்டு, “பனின்னா பனிதான். அதுல என்ன மலைப்பனி, திண்டுக்கல் பனி?” என்றார். தோல் மண்டியில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் அத்தாவிடம்தான் வருவார்கள். அவர் தமிழில் கை வைத்தால் சட்டைப் பையில் கை வைத்த மாதிரி.

வீடு வந்து கால் கழுவும்போதுதான் உறைத்தது. பெண்கள் நேரம் காலை ஆறிலிருந்து எட்டு. மார்கழியில் பனி விலக எட்டரை ஆகும்.

சிரிப்பு போயிற்று.

டிசம்பர் 11, வியாழன்

காலையில் மூடுபனி. இடியாப்பம், பாயா. பினாங்கிலிருந்து என் வீட்டுக்காரர் கடிதம் இல்லை. அங்கே அவருக்குக் கடை மும்முரம் போல.

பங்கஜம் வந்தாள். அவள் வீட்டுக்காரர் மில்லில் எஞ்சினியர். மில் முதலாளிதான் எங்கள் கிளப் தலைவர். ஆகவே அவளுக்குத் தகவல் முந்தி வரும். தலைவர் இந்தப் பனி விதியைப் படித்துவிட்டு அத்தாவின் தமிழை வெகுவாகப் புகழ்ந்தாராம். பிறகு மில் ஆபீசர்களிடம், தையிலிருந்து காலை நேரம் உங்களுக்கு என்றாராம்.

கணக்கு புரிந்தது. ஒரு மாதம் முழுக்க யாரும் ஆடாத நேரம் கமிட்டிக்குத் திரும்பிவிடும் என்று ஏற்கெனவே ஒரு விதி உண்டு. மார்கழி பூராவும் பனி. பெண்கள் ஆட முடியாது. ஆடாததால் நேரம் போய்விடும். யாரும் எங்களைப் போகச் சொல்லவே வேண்டாம்.

அந்த இரண்டு மணி நேரத்தை வாங்க நாங்கள் பட்ட பாடு. பெண்கள் ஆடினால் தரை கெடும் என்றார்கள். தோல் மண்டிப் பக்கம் பேச்சு வரும் என்றார்கள். வந்தது. வந்து தானே போயிற்று.

விடமாட்டேன். எழுதி வைக்கிறேன்: விடமாட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

அத்தா ஜும்மாவுக்குப் போன நேரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஒரு குச்சிக்கும் ஒரு பந்துக்கும் இம்புட்டா என்றாள். குச்சிக்கு இல்லை என்றேன். தெரியும் என்றாள்.

அத்தாவிடம் நீயே பேசேன் என்றதற்கு: “உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மண்டை. நடுவுல நான் எங்க போயி முட்டுறது?”

மாலை, டாக்டரம்மா வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். பெண்கள் ஆஸ்பத்திரி டாக்டர். பங்கஜத்தையும் என்னையும் சேர்த்து நாங்கள் மூவர்தான் கிளப்பின் பெண்கள். பதில் வந்தது: இரவு முழுக்கப் பிரசவம், நாளைக்கு எழ முடியாது, நீ போ, மிதி.

டிசம்பர் 13, சனி

போனேன். மிதித்தேன்.

விடியும் முன் எழுந்து, முக்காட்டை ஊசி குத்தி இறுக்கி, குதிரை வண்டியில். ஊர்ப்பக்கம் கோயிலில் மார்கழிக்கு ஒலிபெருக்கி கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்: ஹலோ, ஹலோ, ஒண்ணு, ரெண்டு. மைதானம் சாம்பல் பூத்தாற்போல் கிடந்தது. நல்ல பனி. நார்ப் பாய் வழுக்கியது. பந்து புல்லில் உருண்டு கொஞ்ச தூரத்திலேயே ஈரம் சேர்ந்து நின்றுவிடுகிறது. வேகமாகத் தட்ட வேண்டும். இரண்டாவது குழியில் அது புரிந்தது. நாலாவதில் நன்றாக ஆடினேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

காவல் சின்னையா பதறிக்கொண்டு வந்தார். யம்மா, போர்டு பாக்கலியா என்றார். பார்த்தேன் என்றேன். அவர் கவலை அதுவல்ல. திரும்பிப் பார்த்தால் பனியில் என் காலடி முழுசும் பச்சைக் கோடாக, மேட்டிலிருந்து கடைசிக் குழி வரை. யார் வந்தாள், எங்கே நின்றாள், எங்கே பந்தைத் தேடினாள் எல்லாம் அதில் இருந்தது. பந்து தேடிய இடம் கொஞ்சம் அதிகம்.

கிளப் மானேஜர் எட்டு மணிக்குச் சீக்கிரமே வந்து கோட்டைப் பார்த்துவிட்டார். இனி தலைவர் காதுக்குப் போகும். போகட்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

போயிற்று. மதியம் அத்தா முகம் தோல் ஊறவைத்த தொட்டி மாதிரி. சோறு பரிமாறி முடியட்டும் என்று இருந்தார். பிறகு, செயலாளர் மகளே விதியை மீறினால் செயலாளர் எதற்கு என்று தலைவர் கேட்டாராம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த வார்த்தையை வைத்து எங்கள் நேரத்தைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்றேன். தலைவர் அப்படிப்பட்டவரல்ல என்றார். ‘உறை’ என்று இரண்டு எழுத்து முன்னால் சேர்த்தால் போதும் அத்தா என்றேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

“ஊரே படிச்சிருச்சு. இப்ப போயி அழிச்சு எழுதச் சொல்றியா? என் மானத்த வாங்காத மும்தாஜு.”

“உங்க மானம் பெருசுதான் அத்தா. எங்க நேரமும் பெருசு.”

எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில். வருத்தத்திலும்தான். அத்தாவை நான் சபையில் குனிய வைக்க மாட்டேன். ஆட்டத்தையும் விடமாட்டேன். இரண்டும் எப்படி என்று தெரியவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

தலைவலி. வெளியே போகவில்லை. கத்தரிக்காய் விலை ஏறியிருக்கிறதாம். பினாங்குக் கடிதம் வந்தது. அங்கே வெயில், அவர் நலம், நான் அடக்கமாக இருக்க வேண்டும். சரி.

குளிக்கும்போது யோசனை. விதியில் என்ன இருக்கிறது? பனி விலகும் வரை. யார் விலக்க வேண்டும் என்று இல்லை. சூரியன் என்று அத்தா எழுதவில்லை. மலை கிளப்பில், புல் உறையாத நாட்களில், ஆட்கள் இரண்டு பக்கம் நின்று நீளக் கயிற்றைப் புல்மேல் இழுத்துப் போவதைப் பள்ளி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். நீர் உதிர்ந்துவிடும்.

தலையில் பாதிச் சீயக்காயோடு சிரித்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

சின்னையாவின் தோட்டத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையின் நீள வடம். மழை பெய்து கிணறு நிறைந்திருப்பதால் மாடுகளுக்கு ஓய்வு, வடமும் சும்மா கிடந்தது. எதுக்கும்மா என்றார். தண்ணீர் இறைக்க என்றேன். புல்லிலிருந்து.

டாக்டரம்மா ஒரு முனை, நான் ஒரு முனை. பங்கஜம் நடுவில் வடம் புதரில் மாட்டாமல் தூக்கிவிட. முதலில் வட்டமாக ஓடினோம். பிறகு நேராக இழுக்கப் பழகினோம். வடம் போன இடமெல்லாம் சாம்பல் போய்ப் பச்சை. புடவை முழங்கால் வரை நனைந்து கனத்தது. பங்கஜம் ஒரு தடவை விழுந்தாள். டாக்டரம்மா நாடி பார்த்துவிட்டு, உயிர் இருக்கு, இழு என்றாள்.

சூரியன் சிறுமலைக்கு மேலே ஏறும் முன் மைதானத்தில் பனி இல்லை. பலகைக்கு முன்னால் போய் நின்று மூவரும் விதியைச் சத்தமாகப் படித்தோம். பிறகு ஆடினோம். விதிப்படி.

உள்ளங்கை எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன். இவ்வளவு சந்தோஷம் எத்தனை நாளாயிற்று.

டிசம்பர் 18, வியாழன்

தினமும் இழுக்கிறோம். ரோட்டில் பால்காரர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது: “பொம்பளைங்க கெணத்த எங்கயோ தொலச்சுட்டாங்கடா.”

அத்தா என்னோடு பேசவில்லை. ஆனால் இன்று காலை நான் கிளம்பும்போது வண்டிக்காரரிடம், சேறாக இருக்கும், மெதுவாகப் போ என்று அவர் சொன்னது கேட்டது.

சனிக்கிழமை கமிட்டி. என்னை வந்து பதில் சொல்லச் சொல்லி ஆள் வந்தது.

டிசம்பர் 20, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கிளப் ஹாலில் மேசையைச் சுற்றிக் கமிட்டி. எனக்கு நாற்காலி போடவில்லை. நானே ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அத்தா தலைவருக்குப் பக்கத்தில், பேனாவோடு. என்னைப் பார்க்கவில்லை.

தலைவர் சிரித்த முகமாகத்தான் பேசினார். வடம் இழுத்தால் புல் கெடும் என்றார். மலையில் இழுக்கிறார்கள், கெடவில்லை என்றேன். பெண்கள் இப்படி ரோட்டோரம் நனைந்துகொண்டு ஓடுவது கிளப்புக்கு மரியாதையா என்றார். நனைந்தது எங்கள் புடவை, கிளப்பின் மரியாதைக்கு ஈரம் படவில்லை என்றேன். யாரோ இருமினார்கள். விதியை மீறினாயா என்றார். ஒரு நாள் மீறினேன், அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் மீறவில்லை, நீங்களே படித்துப் பாருங்கள் என்றேன். அத்தாவின் பனியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று படியேறும்போதே சபதம்.

தலைவர் படித்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அத்தா பக்கம் திரும்பினார்.

“சரி ராவுத்தரே, சுத்தி வளைப்பானேன். நேராவே எழுதிருங்க. மார்கழி, தை ரெண்டு மாசமும் பெண்கள் ஆடலாகாது. இப்பவே கையெழுத்துப் போட்டு ஒட்டிருங்க.”

அத்தா தாளை இழுத்தார். பேனாவைத் திறந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். பேனா தாளில் ஓடும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“பனின்னு எழுதுனது என் தப்பு,” என்றார் அத்தா. “அது உறைபனி. எம் மக அன்னைக்கே சொல்லுச்சு, எனக்குத்தான் ரோஷம். அத இன்னைக்குத் திருத்திருவேன். நீங்க சொல்றத எழுத எனக்குத் தமிழ் வராது. வேற ஆளப் பாருங்க.”

பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

அப்புறம் ஒரே பேச்சு. செயலாளர் கையெழுத்து இல்லாமல் எந்த விதியும் ஒட்ட முடியாது, புதுச் செயலாளர் என்றால் பங்குனிப் பொதுக்கூட்டத்தில்தான் என்று யாரோ எடுத்துச் சொன்னார்கள். அப்படியென்றால் பங்குனியில் பார்த்துக்கொள்கிறேன் என்றார் தலைவர். அத்தாவைப் பார்த்துத்தான் சொன்னார். அத்தா, பாருங்க என்றார்.

ஆக அத்தாவின் பதவி பங்குனியோடு சரி. கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான். காரில் திரும்பினோம். மாட்டுச் சந்தை தாண்டியதும் அவரே, “அடிக்கிறப்ப முன்னங்கால்ல அழுத்தம் பத்தல உனக்கு. அன்னிக்குக் காலடி பூராவும் வலப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிருக்கு,” என்றார். என் காலடி பற்றி மானேஜர் சொல்லித்தான் அத்தாவுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவரும் போய்ப் பார்த்திருக்கிறார்.

டிசம்பர் 21, ஞாயிறு

கடும் பனி. வடம் இழுக்கவில்லை, விதியில் இப்போது ‘உறை’ இருக்கிறது, பழைய எழுத்துக்கு முன்னால் இடுக்கி எழுதியது. நேராகப் போய் மிதித்தோம்.

தலைவர் வந்திருந்தார். அந்த நேரத்தில் அவரை அங்கே ஒருநாளும் பார்த்ததில்லை. கம்பளி மப்ளர், கைத்தடி, முதல் மேட்டுக்கு நேர் எதிரே புல் நடுவில் நின்று தரையைப் பார்வையிடுகிறார். எங்களைப் பார்த்தும் நகரவில்லை. டாக்டரம்மா காத்திருக்கலாம் என்றாள். பங்கஜம் இன்றைக்கு வேண்டாம் என்றாள். வீட்டுக்காரர் வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. அவளை மரத்தடியில் இருக்கச் சொன்னேன்.

பாயில் பந்தை வைத்தேன். முக்காட்டை இறுக்கினேன். மரியாதையாகத்தான் கூப்பிட்டேன்.

“தலைவரே, செத்த ஒதுங்கிக்கங்க. பந்து வருது.”

ஒதுங்கினார்.