மாமாவின் முன் நின்ற கிளாரினெட்

நான்தான், சிவபாலன். நாம் சேர்ந்து களித்த ஒரு பகற்பொழுதை உங்களுக்கு மீண்டும் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

இன்று காலை இங்கே வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டுச் சன்னல் வழியே கிளாரினெட் ஒலி வந்தது. யாரோ ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்திருந்தார். அவர் மூச்சு அறுந்ததும் சிரித்துவிட்டேன். உங்களுடையது அறாது, கன்னங்களில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்தபடியே வாசிப்பீர்கள்.

தொண்ணூறுகளில் நாம் ஒரே வரைபட அலுவலகத்தில் அருகருகே அமர்ந்திருந்தோம். பாக்கு நகரிலிருந்து வந்த நீங்கள், சனிக்கிழமைகளில் அசர்பைஜானியரின் திருமணங்களில் வாசித்து வந்தீர்கள். என் திருமணத்தன்று நாதஸ்வரக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, தவில்காரர் மட்டுமே மண்டபத்துக்கு வந்தார். விருந்தினராக வந்திருந்த உங்களிடம், காரிலிருந்த கிளாரினெட்டை எடுத்துவரச் சொன்னேன். பெண்ணின் தந்தையான மாமாவோ, நாதஸ்வரம் இல்லாமல் தாலி கட்ட விடேன் என்று நின்றார்.

“முந்திப் பரதநாட்டியத்துக்கே இது வாசிச்சவை, மாமா,” என்றேன்.

“அது சதங்கைக்கு, தம்பி. இது தாலிக்கு.”

“நல்ல நேரம் போகுது,” என்றார் ஐயர். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சரி, ஊதட்டும் பாப்பம்,” என்றார்.

தாலி ஏறும்போது வேறெந்த ஒலியும் காதில் விழலாகாது. ஆகவே உங்களுக்கு ஒரே விதி சொன்னேன்: கை உயர்ந்தால் வேகம். ஐயர் கையை உயர்த்தினார். தவிலும் கிளாரினெட்டும் கொட்டி முழங்கின. நான் தாலி கட்டினேன்.

அத்துடன் நீங்கள் நிறுத்தவில்லை. மேடையிலிருந்து இறங்கி, நடன மெட்டொன்றை வாசித்தபடி மாமாவின் முன் போய் நின்றீர்கள். குடும்பத்துப் பெரியவர் எழுந்து ஆடும்வரை அவர் முன் நின்று வாசிப்பது உங்கள் ஊர்த் திருமண மரியாதை. மாமாவுக்கு அது தெரியாது.

“காணும், காணும்!” என்று நிறுத்தச் சொல்லி இரு கைகளையும் உயர்த்தினார்.

நீங்கள் வேகத்தைக் கூட்டினீர்கள். அவர் இன்னும் உயர்த்தினார். நீங்கள் இன்னும் கூட்டினீர்கள். தவில்காரரும் விடவில்லை.

“இஞ்சேருங்கோ, கையைக் கீழ விடுங்கோ!” என்று மாமி கத்தியது எவருக்குக் கேட்டது? மாமாவின் தோள் அசைந்தது; பிறகு கால் அசைந்தது. மண்டபமே கைதட்ட, அவர் ஆடினார்.

வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் வந்தார். “இந்த மனுசன் ஊதின ஊதலுக்குத் தாலி ரெண்டு மடங்கு இறுகியிருக்கும்,” என்றார்.

அது இறுகித்தான் இருக்கிறது, நண்பரே.

அடுத்த மாதம் என் மகளுக்குத் திருமணம். நாதஸ்வரமும் தவிலும் முறைப்படி ஒழுங்காகிவிட்டன. நீங்கள் இப்போது இந்த நாட்டில் இல்லாததால், இங்குள்ள உங்கள் ஊர்க் கிளாரினெட்காரர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, தாலி ஏறியதும் பெண்ணின் தந்தை முன் வந்து நிற்கும்படி கேட்கப் போகிறேன்.