லிஸ்பன் வெயில் எனக்கு வேண்டாம்

அன்புள்ள எய்வின்,

கட்டிவைத்த என் பெட்டியைப் பிரித்துவிடு. லிஸ்பனுக்கு நான் வரவில்லை.

வெளியுறவு அமைச்சகம் அனுப்பிய ஊர்களிலெல்லாம் நாட்டுக்காகச் சிரித்தவள் நான். துணை அமைச்சரான பிறகு, வடக்கே நான் பிறந்த ஊரின் பிரசவ விடுதியை மூடக் கூடாதென்று சொந்தக் கட்சியையே எதிர்த்துப் பேசினேன். மறுவாரமே அமைச்சர் கூப்பிட்டார்.

"லிஸ்பன்ல நல்ல வெயில். தூதரா போயிட்டு வாங்க. இந்தத் தேர்தல் முடியட்டும்."

அப்போது உனக்காகத் தலையாட்டினேன். போன வாரம் திரும்பிப் போய், "எனக்கு வெயில் ஒத்துக்காதுங்க" என்று ராஜினாமாவை நீட்டினேன்.

நேற்று இங்கே, என் ஊரில், கட்சியின் மாவட்டக் கிளை தேர்தல் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. நானும் நின்றேன். மீன் ஆலையில் வேலை செய்யும் ராங்ஃப்ரிட் எழுந்தாள்.

"ஊர் ஊரா விருந்து சாப்பிட்டவ நீ. எங்க மீன் நாத்தம் தாங்குவியாடி?"

"தாங்கலேன்னா மூக்கப் பொத்திக்கிறேன். விடுதிய மூடிட்டா, பனிப்புயல்ல பிள்ளத்தாச்சியா இருக்கற உன் மகள எங்கடி கொண்டு போவே?"

வாக்கெடுப்பு நடந்தது. எனக்காக முதலில் கை தூக்கியவள் அவள்தான். கட்சித் தலைமை வேண்டாமென்று சொல்லியும் என் பெயரே வென்றது.

தோற்றுவிடுவாய் என்கிறாய். தோற்றால் இங்கேயே தோற்கிறேன்.

நீ ஆசையாகக் கற்ற போர்ச்சுகீசியத்துக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சமையலறையில் இரண்டு நாற்காலிகள் போட்டிருக்கிறேன். வருவதானால் கம்பளிச் சட்டையோடு வா.

இப்படிக்கு,
உன் அடங்காத மனைவி