ஏழாவது விதி

14 ஜூன் 1971, திங்கள்

ரயில் தாமதம். டவுன்ஷிப் கமிட்டி ஆபீசுக்குள் நுழைந்ததுமே நிர்வாக அலுவலர் கஜபதி சார் கூப்பிட்டனுப்பினார். போன வருஷம் கட்டிய தண்ணீர்த் தொட்டி விவகாரம்தான். பட்டணத்திலிருந்து ஆலோசனை சொல்ல வந்த கம்பெனி, பிளான் போட்டுக் கொடுத்தது. எந்த மோட்டார் வாங்கலாம் என்றும் அவர்களே சொன்னார்கள். அதை விற்றது அவர்களுடைய பங்காளிக் கம்பெனி. கோடை வருவதற்குள் மோட்டார் நின்றுவிட்டது. ஆடிட்டில் கேள்வி மேல் கேள்வி.

"வெளியாளை ஆலோசனைக்கு எடுக்கறதுக்கு இனிமே நமக்குன்னு விதி இருக்கணும். நீங்க எழுதுங்கம்மா" என்றார்.

டைப்பிஸ்டாக உள்ளே வந்தவள் நான். இன்றைக்கு விதி எழுதச் சொல்கிறார்கள்! வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம்.

"அப்போ ரெண்டாவது தொட்டிக்கு ஆள் எடுக்கப் போறாங்க" என்றார்.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

17 ஜூன்

இவர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். மேனேஜரோடு ஒத்துவராமல் வேலையை விட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அறை எடுத்து, 'வரதன், கட்டட ஆலோசகர்' என்று பலகை மாட்டியிருக்கிறார். இதுவரை வந்ததெல்லாம் காம்பவுண்டுச் சுவரும் மாடிப்படியும்தான். ஒரு தொட்டி, ஒரே ஒரு தொட்டி கையில் கிடைத்தால் நிமிர்ந்துவிடுவேன் என்கிறார். நிமிர்ந்துவிடுவார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

20 ஜூன், ஞாயிறு

ஆறு விதிகள் வரை சரளமாக வந்துவிட்டது. நம் ஆளே செய்யக்கூடிய வேலைக்கு வெளியாள் கூடாது. ஒருவரை மட்டும் கேட்டு எடுக்கக் கூடாது. ஏன் இவரை எடுத்தோம் என்று காரணம் எழுதி வைக்க வேண்டும். யோசனை சொல்கிறவர் பொருள் விற்கக் கூடாது. இப்படி.

ஏழாவதாக என்ன வர வேண்டும் என்று தெரியும். எழுதவில்லை. துணி துவைத்தேன்.

23 ஜூன்

கஜபதி சாரிடமே கேட்டுவிட்டேன். ஆபீசில் இருப்பவர்களுடைய உறவினரை எடுக்கலாமா, கூடாதா?

"வரதனை எனக்குத் தெரியாதாம்மா? அவர் வந்தா நமக்குத்தான் நல்லது. உறவினர் கூடாதுன்னே எழுதுங்க. 'கூடியவரை'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க. யாருக்கும் சங்கடம் இல்லை."

நல்ல மனுஷர். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

27 ஜூன், ஞாயிறு

காலையில் தண்ணீர் லாரி. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற குப்பம்மா குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்த மோட்டாரு குடுத்தவன் யாரு ஊட்டு மாப்ளயோ! இல்லாங்காட்டி அத்தப் போயி யாருனா வாங்குவானா?"

அவன் யார் வீட்டு மாப்பிள்ளையும் இல்லை. எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

நாளைக்கு இவர் கட்டுகிற தொட்டியில் மயிரிழை விரிசல் விழுந்தாலும், இதே வரிசையில் என் பெயர் வரும். அவள் கேட்பது நியாயமாகவும் இருக்கும். இவர் ஒழுங்காகத்தான் செய்வார். ஆனால் அது பெண்டாட்டியாக எனக்குத் தெரிந்த விஷயம். குப்பம்மாவுக்குக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது?

அப்படியானால், தகுதி இருந்தும் ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டதற்காகத் தண்டனை அனுபவிக்க வேண்டுமா? அதுவும் நியாயமில்லைதான். இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. என்ன செய்ய.

2 ஜூலை, வெள்ளி

எழுதிவிட்டேன். 'கூடியவரை' இல்லாமல்.

ஆபீசில் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன்.

"வேற யாராவது எழுதியிருந்தா பரவால்ல பத்மா. உன் கையாலயா?"

"உங்களை நம்பாம எழுதலை."

"நம்பிக்கையா? அதை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?" என்றார். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் என்னதான் பண்ணியிருக்கணும்? எழுத முடியாதுன்னு சொல்லிட்டு லீவு போட்டிருக்கணுமா? வேற ஒருத்தர் எழுதியிருப்பார், 'கூடியவரை'ன்னு. இவருக்கும் வேலை கிடைச்சிருக்கும். நானும் ஒண்ணும் தெரியாதவ மாதிரி இருந்திருக்கலாம். அப்படி இருந்திருக்கலாமே — ஏன் இருக்க முடியலை?

5 ஜூலை

கொடுத்துவிட்டேன். வீட்டில் பேச்சில்லை.

11 ஜூலை, ஞாயிறு

நெமிலிச்சேரியிலிருந்து அம்மா வந்தாள். அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னாடி பண்ணிக்கீற? கட்டுனவன் சோத்துல மண்ணப் போட்டுட்டியே! இதுக்கா உன்ன படிக்க வெச்சோம், நானும் உங்க நைனாவும் நாத்து நட்டுகினு?"

அம்மா அழுதாள். பிறகு நானும்.

21 ஆகஸ்ட், சனி

கமிட்டியில் விதிகள் நிறைவேறிவிட்டன. இவர் பலகையைக் கழற்றி மரக்கடையில் கொடுத்துவிட்டார். திருப்பத்தூரில் சிநேகிதர் ஒருவர் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். அவரிடம் மேற்பார்வை வேலை. யாருக்குக் கீழும் இனி வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

ஊருக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது, "கேஸ் சிலிண்டர் வாங்கும்போது ஆள் வீட்ல இருக்கணும்" என்றார். இத்தனை நாளில் அவராகப் பேசியது அது ஒன்றுதான்.

10 பிப்ரவரி 1972

இரண்டாவது தொட்டிக்கு ஆள் எடுத்தாயிற்று. நான்கு பேர் கேட்டிருந்தார்கள். கமிட்டி உறுப்பினர் ஒருவருடைய அண்ணன் மகனும் வந்திருந்தானாம். கஜபதி சார் விதியைக் காட்டி அனுப்பிவிட்டார். "உங்க ஏழாவது விதி என்னைக் காப்பாத்திச்சும்மா" என்றார்.

சிரித்தேன். இவர் கட்டியிருந்தால் தொட்டி இன்னும் நன்றாக வந்திருக்குமோ? தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. விதி சரி. இந்த வீடும் காலிதான்.

12 நவம்பர் 1973, திங்கள்

நேற்று வந்திருந்தார். அங்கே மறுபடி சொந்தமாக அறை எடுத்துவிட்டார். நகராட்சியில் சாக்கடைத் திட்டத்துக்கு ஆலோசகராக எடுத்திருக்கிறார்கள். வரைபடத்தைத் தரையில் விரித்து, எந்தத் தெருவில் பள்ளம், எங்கே தண்ணீர் தேங்கும் என்றெல்லாம் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

அவர் போன பிறகு யோசித்தேன். எத்தனை நாள் இப்படி, மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் புருஷன் பெண்டாட்டியாக? இன்றைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். சூப்பிரண்டு பதவி கை நழுவும். கஜபதி சார் இரண்டு தடவை கேட்டார், நல்லா யோசிச்சீங்களா என்று. யோசித்துவிட்டேன்.

17 ஜனவரி 1974

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. திருப்பத்தூர்தான். அதே நகராட்சி ஆபீஸ்.

எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் அங்கே போய் உட்கார்ந்தால் அவர் வேலை? அங்கே இப்படி ஒரு விதி கிடையாது, நானும் எழுதப் போவதில்லை. ஆனாலும். போன வாரமே அவருக்குக் கடுதாசி போட்டுவிட்டேன், உத்தரவு வரப்போகிறது என்று. ரத்து பண்ணச் சொல்லிவிடலாமா? இரண்டாம் தடவை அந்த மனுஷனுக்கு இதைச் செய்ய என்னால் முடியாது.

20 ஜனவரி, ஞாயிறு

சொல்லாமல் வந்து நின்றார். உத்தரவை ரத்து பண்ணச் சொல்லலாம் என்றிருக்கிறேன் என்று நான் ஆரம்பித்ததும், கையைக் காட்டி நிறுத்தினார்.

"நகராட்சி வேலையில கையில இருந்ததை முடிச்சுக் குடுத்துட்டேன். மீதிக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டேன். ஆம்பூர்ல ஒரு தோல் ஷெட்டுக்குப் பிளான் கேட்டிருக்காங்க."

"யார் உங்களை விடச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நீ வர்றேன்னு நானே போய்ச் சொன்னேன். அவங்க, அதனால என்ன சார், இருங்கன்னாங்க."

"அங்கேதான் அப்படி விதியே கிடையாதே."

"கிடையாதுதான்" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு பேருமாக நெமிலிச்சேரி போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்கிறார்.