உன் அம்மா கெடுத்த ஷாட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், என் வலது முழங்கால் மட்டும் எதிர்க்கட்சி மாதிரி எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்கிறது, மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் உன்னோடு போனில் பேசினால் உன் அம்மா பக்கத்து அறையில் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள், நான் வைத்ததும் யாரு போன்ல என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்கிறாள். நீ கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து ஆறு வருஷமாக இதே நாடகம். இப்போது சொல்லவேண்டியது அவளைப் பற்றியே, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் சிநேகிதி குச்சி படம் எடுக்க வந்துவிட்டாள். டைரக்டர் என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை, அவளுக்கும் குச்சிதான் பிடித்திருக்கிறது, இப்போது ஆள் குச்சியாக இல்லை என்பது வேறு விஷயம். ஆட்சி மாறிய வருஷத்தில் நீ, அவள், மாப்பிள்ளை மூன்று பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி சுற்றினீர்களே, அந்தக் கதைதான், உன்னிடம் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். நம் தெருவில், நம் வீட்டுக்குள்ளேயே எடுக்க வேண்டுமாம். நான் உடனே தலையாட்டினேன். உன் அம்மாவோ, என் தம்பியை ஜெயிலில் போட்ட கட்சியின் கொடியை என் வாசலிலேயே கட்டுவீர்களா என்று கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. குச்சி விடுகிற ஆளா, டீ குடிக்கிறேன் என்று சமையலறைக்குள் போனவள் சம்மதத்தோடுதான் வெளியே வந்தாள்.

நீ இருந்திருந்தால் சிரித்தே வயிறு புண்ணாகியிருக்கும். விடிவதற்குள் தெருச் சுவரெல்லாம் பழைய கட்சியின் வாசகம், முனையில் பழைய தலைவர் கையைத் தூக்கிக்கொண்டு ஆளுயரத்தில் நிற்கிறார். மருந்துக்கடைக்காரரை நினைவிருக்கிறதா, ஆட்சி கவிழ்ந்த மறுநாளே கட்சி மாறினாரே. காலையில் கடை திறக்க வந்தவர் பார்த்துவிட்டு, பழைய ஆட்சி திரும்பிவிட்டதென்று பயந்து, வீட்டுக்கு ஓடி பரணில் கிடந்த பழைய தலைவர் படத்தைத் துடைத்துக் கொண்டுவந்து கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். சினிமா என்று தெரிந்ததும், நானும் அதுக்குத்தானே மாட்டினேன் என்றார் பார், குச்சி அவரை அப்படியே படத்தில் சேர்த்துக்கொண்டாள். எனக்கும் வேஷம் கிடைத்தது, ஊர்வலத்தில் ஒருவன். கண்டக்டர் புத்தி போகுமா, கூட்டத்தைக் கண்டதும் உள்ள தள்ளிப் போங்க என்று கத்திவிட்டேன், என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாப்பிள்ளையாக நடிக்கிற பையன் நம் கூடத்தில் உட்கார்ந்து வசனம் பாடம் பண்ணிக்கொண்டிருந்தான். எல்லாரும் நான் யார் பையன்னு கேக்கறாங்க, நான் யாருன்னு ஒருத்தரும் கேக்கலை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உன் மாமாவைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ் ஆபீசில் மாப்பிள்ளையின் அப்பா அதிகாரி, அந்த ஒரே காரணத்துக்காகத்தானே அம்மா மாப்பிள்ளையை இன்றுவரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அவள் கையில் கத்தரிக்கோலோடு நின்று முழுவதையும் கேட்டாள். பிறகு அந்தப் பையனுக்குத் தட்டு வைத்து, சாப்பிட்டுட்டுச் சொல்லு என்றாள்.

கடைசி நாள் நீ வீட்டைவிட்டுப் போகிற காட்சி. அம்மாவாக நடிக்க வந்த பெண்மணிக்கு மிஷின் மிதிக்க வரவில்லை, நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, எழுந்திரும்மா என்று தானே உட்கார்ந்துவிட்டாள். முதுகு மட்டும் தெரிந்தால் போதும், பெண் பெட்டியோடு வந்து அம்மா, போயிட்டு வரேன் என்பாள், நீங்கள் திரும்பாமல் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள் குச்சி. அன்று உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவளாயிற்றே, நடந்தது நடந்தபடி வேண்டுமாம். உன் வேஷம் போட்ட பெண் வந்து சொன்னாள், அம்மா திரும்பிவிட்டாள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி திரும்பினாள். விளக்குக்காரர் அலுத்துக்கொண்டார், நான்கூட, அதான் திரும்பாதேன்னு சொல்றாங்களே என்று மெதுவாகச் சொன்னேன். அதற்கு அவள் என்னைப் பார்க்காமல் குச்சியைப் பார்த்து, அன்னிக்கு ஒரு தடவை திரும்பாம இருந்தேன், இன்னொரு தடவை என்னால முடியாது, நீ வேற ஆளைப் பாரும்மா என்றாள். குச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்க திரும்புங்கம்மா, நான் கதையை மாத்திக்கறேன் என்றாள். அடுத்த தடவை அம்மா திரும்பியதும் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல், இந்த முறை அம்மாவும் விசாரித்தாள் என்று சேர்த்துச் சொல், பொய் இல்லை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருங்கள்.

மறக்காமல் ஒரு வேலை செய். குட்டியின் தோள், கை, உயரம் அளந்து அனுப்பு. அம்மா மஞ்சள் துணி எடுத்து வைத்திருக்கிறாள், யாருக்கு என்று கேட்டால் எரிந்து விழுகிறாள். இதை எழுதும்போது பின்னால் வந்து நின்று முழுவதையும் படித்துவிட்டாள். கிழித்துப் போடுவாள் என்று பயந்தேன். ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: அளவை மட்டும் வெச்சுத் தைச்சா குழந்தைத் துணி சரியா உட்காராது, போட்டுப் பார்க்கணும், மூணு பேரையும் வரச் சொல்லுங்க.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா